அக்கா மூன்று முறை பரீட்சை எழுதிய கதை

என் அக்காவின் காதைச் சின்ன வயதில் நான் நிறையக் கேலி செய்திருக்கிறேன். தலைக்குக் கொஞ்சம் பெரிய காது. அந்தக் காதை வைத்து அவள் பதினாறு வருஷம் வேலை பார்த்தாள் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பாதி ஆயுள் ஆகிவிட்டது.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் சென்டரில் அவள் புகார் கேட்டு எழுதுகிற ஆள். ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, கிழித்துக் கொடுக்க ஒரு சீட்டுப் புத்தகம். அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். போன் வந்தால் மற்றவர்களைப் போல "மாடல் நம்பர் சொல்லுங்க" என்று ஆரம்பிக்கமாட்டாள். "எப்படிச் சத்தம் போடுது? கொஞ்சம் செஞ்சு காட்டுங்க" என்பாள்.

ஜனங்களும் செய்து காட்டுவார்கள். பெரிய ஆபீசில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கிறவர் கதவைச் சாத்திக்கொண்டு "ஙொர்ர்ர்" என்பார். ஒரு புதுப்பெண் வெட்கப்பட்டுக்கொண்டே "கீச்... கீச்..." என்பாள். கேட்டதும் அக்கா சீட்டில் எழுதிவிடுவாள். கடகட என்றால் பம்ப்பில் காசு. கீச் என்றால் பெல்ட். தடதட என்றால் மெஷினின் கால் சமமாக நிற்கவில்லை. ஒரு அம்மா, தனக்குச் சத்தம் செய்ய வராது என்று சொல்லி, போனையே டிரம்முக்குள் வைத்து மெஷினை ஓடவிட்டுவிட்டார். அதற்கு அக்கா எழுதிய சீட்டு: 'மெஷின் நன்றாக இருக்கிறது. போன் போய்விட்டது.'

அக்கா எழுதிக் கொடுக்கும் சீட்டுகளை வைத்துக்கொண்டு நான்கு மெக்கானிக்குகள் ஊரையே ஏமாற்றினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும், மெஷினைத் தொடாமல், கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "பம்ப்புல காசு மாட்டியிருக்கும்மா" என்பார்கள். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். மெக்கானிக்குகள் மட்டும் தங்களுக்குள் அக்காவை 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டார்கள். அது கம்பெனிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்காவைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு.

ஒரு நாள் கம்பெனி அந்த மேஜையில், போனுக்குத் தானே பதில் சொல்கிற ஒரு மெஷினை உட்கார வைத்தது. தண்ணீர் வரவில்லை என்றால் ஒன்றை அழுத்தவும், தண்ணீர் போகவில்லை என்றால் இரண்டை அழுத்தவும். 'ஙொர்ர்ர்' என்பதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. அக்காவுக்கு ஒரு கைதட்டலும் ஒரு சால்வையும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடப் போயிருந்தேன். அக்கா எனக்குத் தட்டை வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "நான் சொந்தமா கடை போடப் போறேன்" என்றாள்.

"என்ன கடை?"

"வாஷிங் மெஷின் ரிப்பேர்."

எனக்குப் புரையேறிவிட்டது. "அக்கா, உனக்கு நாப்பத்தெட்டு வயசு. நீ ஸ்க்ரூடிரைவர் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. நம்ம வீட்டு பல்பு மாத்தவே ஆள் கூப்பிடுவே."

"அதான் படிக்கப் போறேன்."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், பள்ளிக்கூட பஸ் டிரைவர். நாள் முழுக்க அறுபது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்கிறவர் என்பதால் வீட்டில் பேச்சைச் சிக்கனமாக வைத்துக்கொள்வார். "நீங்களாவது சொல்லுங்க மாமா" என்றேன்.

"அவ முடிவு பண்ணிட்டா மச்சான்" என்றார் மாமா. "நீ ரசத்த ஊத்திக்கோ."

அக்கா எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள். தெருமுனையில் இருநூற்று நாற்பது வீடுகள் உள்ள பெரிய குடியிருப்பு. அதன் கீழ்த்தளத்தில் பம்ப் அறையை ஒட்டி ஒரு காலி அறை. வீட்டுக்கு ஒரு மெஷின் என்றாலும் இருநூற்று நாற்பது மெஷின்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். அந்த அறை கிடைத்தால் கடை உண்டு; கிடைக்காவிட்டால் இல்லை. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, பயிற்சிச் சான்றிதழ் உள்ளவருக்குத்தான் கொடுக்க முடியும் என்று சொல்லியிருந்தார். அதே அறையில் உடற்பயிற்சிக் கூடம் வைக்க வேண்டும் என்று இன்னொரு கோஷ்டி அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பொதுக்குழு. அன்று மாலை ஐந்து மணிக்குள் அக்கா சான்றிதழோடு வந்தால் அறை அவளுக்கு. வராவிட்டால் தொப்பையைக் குறைக்கிற கோஷ்டிக்கு.

அக்கா தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். மூன்று மாத வகுப்பு. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தேர்வு வீதம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் முதலில் இருந்து சேர வேண்டும்.

வகுப்பில் அவளைத் தவிர எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது வயது. முதல் நாள் உள்ளே நுழைந்தபோது ஆசிரியைதான் வந்துவிட்டார் என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். அக்காவும் மரியாதைக்கு நின்றாள். யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் ஐந்து நிமிஷம் போனதாம்.

வாரத்துக்கு ஒரு வகுப்பு, சொந்தத் தொழில் தொடங்குவது பற்றி. அதை நடத்தியவர் வாழ்க்கையில் மூன்று கடை வைத்து மூன்றையும் மூடியவர். அதை அவர் மறைக்கவே இல்லை. மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு வந்தார். பிள்ளைகள் அவருக்கு மூணுகடை சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் வகுப்பில் அவர், "தோல்விதான் பெரிய பாடம். நான் மூணு தடவை படிச்சிருக்கேன்" என்று முழங்கினாராம்.

அக்கா கையைத் தூக்கினாள். "மூணு தடவையும் ஒரே பாடமா சார்?"

அவர் அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டார்.

முதல் தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு இருபத்து மூன்று. வாத்தியார் வீட்டு அக்கா இருபத்து மூன்றா என்று எனக்கு மானம் போய்விட்டது. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 'டிரம் பேரிங் தேய்ந்திருப்பதை எவ்வாறு கண்டறிவாய்?' என்பது கேள்வி. அக்கா எழுதியிருந்தாள்:

'முதல் மாதம் துணி பிழியும்போது மட்டும் ஙொர் என்று வரும். வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தை ஏற்றி வைத்துவிடுவார்கள். இரண்டாவது மாதம் கரகர என்று வரும். கதவைச் சாத்திக்கொள்வார்கள். மூன்றாவது மாதம் பக்கத்து வீட்டுக்காரர்கள் நமக்குப் போன் செய்வார்கள்.'

பக்கத்தில் சிவப்பு மையில் தேர்வாளர் கேட்டிருந்தார்: 'இது விடையா, கதையா?'

"இதுல என்ன தப்பு?" என்றாள் அக்கா. "இப்படித்தானே நடக்கும்?"

"பரீட்சைக்கு நடக்கறத எழுதக்கூடாது அக்கா. புத்தகத்துல இருக்கறத எழுதணும்."

அன்று முதல் நானே களத்தில் இறங்கினேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அவள் வீடு. தொண்டைத் தண்ணீர் வற்ற வற்றப் பாடம். அவள் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே ஒப்பிப்பாள்; நான் கதவில் சாய்ந்துகொண்டு திருத்துவேன். "டிரம்மைக் கையால் சுழற்றி, அதிர்வையும் ஆட்டத்தையும் கவனித்து..." என்று அவள் சொல்லும்போது, சமையலறையே பரீட்சை ஹால் போல இருக்கும். பஸ் ஓட்டிக் களைத்து வந்த மாமா, ஒரு வாரத்தில் பத்து விடைகளை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவரை அனுப்பியிருந்தால் அவரே பாஸ் செய்திருப்பார்.

இரண்டாவது தேர்வில் எழுத்தில் எழுபத்தொன்று. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் செய்முறைத் தேர்வின் மதிப்பெண் வந்தது. பூஜ்யம்.

நடந்தது இதுதான். தேர்வாளர் ஒரு மெஷினில் வேண்டுமென்றே ஒரு பழுதை வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் கொடுப்பார். கருவியை வைத்துப் படிப்படியாகச் சோதித்து, ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிப் பழுதைச் சொல்ல வேண்டும். அக்கா மெஷினை ஓடவிட்டாள். தலையைச் சாய்த்தாள். "பெல்ட் தளர்ந்திருக்கு சார்" என்றாள். ஒரு நிமிஷம் ஆனது. மிச்சம் நாற்பத்து நான்கு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெல்ட்தான் பழுது. ஆனால் படிகள் எழுத வேண்டிய தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "அநியாயம்! விடை சரியா இருக்கும்போது பூஜ்யம் போட அவன் யாரு? மனுஷனா அவன்?" என்று கூடத்துக்கும் வாசலுக்கும் குதித்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏன்டா, உன் பசங்களுக்கு நீயும் அப்படித்தானே போடுவே? வழி எழுதலன்னா மார்க் இல்லன்னு."

நான் குதிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

என்னை வாயடைக்கச் செய்துவிட்டு அக்கா உள்ளே போய் அழுதாள். எனக்குக் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பாவமாக இருந்தது. பதினாறு வருஷம் மற்றவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துப் பெயர் வாங்கித் தந்தவள், தன் பெயரில் ஒரு தாள் வாங்க முடியாமல் நிற்கிறாளே. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தாள். மாமாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். எங்கள் கண் முன்னாலேயே வீட்டு வாஷிங் மெஷினின் முதுகைக் கழற்றினாள்.

அன்று ஆரம்பித்தது. அந்த மாதம் அவள் அதைப் பதினோரு முறை பிரித்தாள், பதினோரு முறை மாட்டினாள். நான் போகும்போதெல்லாம் அது கூடத்தில் குடலை வெளியே தள்ளிக்கொண்டு கிடக்கும். நாற்காலியில் மோட்டார், சோபாவில் டிரம், டிவி மேல் பெல்ட். விருந்தாளி வந்தால் உட்கார இடமில்லை. மாமா தன் காக்கிச் சட்டையைக் குளியலறையில் கையால் துவைத்துக்கொண்டு, "மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி கூட இவ்வளவு துவைச்சதில்ல மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

பிரிக்கவும் மாட்டவும் கை பழகிவிட்டது. ஆனால் மீட்டர் என்கிற, மின்சாரத்தை அளக்கும் கருவியைக் கண்டால் மட்டும் அவளுக்கு எரிச்சல். மாமியார் வந்து அடுப்பைச் சோதிப்பது போல இருக்கிறது என்பாள். "எனக்குத்தான் கேக்குதே, அத எதுக்கு ஒட்டி ஒட்டிப் பார்க்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கீழ்வீட்டில் இருந்து வந்தது. கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். அவருடைய மெஷினில் 'டொக்... டொக்...' என்று சத்தம். அக்கா போய்க் கேட்டாள். "டிரம்முக்குப் பின்னாடி ஏதோ உடைஞ்சிருக்கு. நான் பார்த்துடறேன்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிரிக்க ஆரம்பித்தாள். டார்ச் பிடிக்க என்னை அழைத்துப் போனாள்.

பத்தரை மணிக்கு மெஷின் அந்த வீட்டில் நான்கு திசைக்கும் பரவிக் கிடந்தது. டிரம் தையல் மேஜை மேல். மோட்டார் ஜன்னலோரம். தையல்காரம்மா வெட்டி வைத்திருந்த யாருடைய கல்யாண ஜாக்கெட்டுக்கோ பக்கத்தில் பம்ப். மின்சார வயரைச் சுவரில் இருந்து பிடுங்கி இரண்டரை மணி நேரம் ஆகிறது.

"டொக்" என்றது.

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"டொக்... டொக்."

சத்தம் சுவருக்குள் இருந்து வந்தது. மேல்மாடியில் யாராவது குழாயைத் திறந்தால், சுவருக்குள் தளர்ந்து கிடந்த தண்ணீர்க் குழாய் அடித்துக்கொள்கிறது. மெஷினுக்கு ஒரு நோயும் இல்லை. டிரம்மைக் கையால் சுற்றி, மீட்டரையும் வைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

தையல்காரம்மா கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினார். எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சம். "சும்மா இருக்கட்டும் அக்கா, யாருக்குத் தெரியப் போகுது" என்றேன். அவள் முறைத்த முறையில் நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். திரும்பப் பிரித்து, இரண்டுக்கும் இடம் கண்டுபிடித்து வெளியே வரும்போது மாலை நான்கு மணி.

இந்தக் கதையை அடுத்த வகுப்பில் அக்கா தானே சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்களாம். மூணுகடை சார் மட்டும் சிரிக்கவில்லையாம். அவர் முதல் தடவையாக அந்த மூன்று கடைகளின் கதையைச் சொன்னார்: "நான் மூணு கடையிலயும் வந்தவங்ககிட்ட பேசிக்கிட்டே இருந்தேம்மா. அவங்க என்ன கேட்டாங்கன்னு காது கொடுத்ததே இல்ல. அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, மூணும் ஒரே பாடமான்னு. ஆமா, ஒரே பாடம்தான். உங்களுக்குக் கேக்கத் தெரியும். கேட்டத சரி பார்க்கறது மட்டும்தான் பாக்கி."

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம், "என் காது நல்ல காதுதான்டா. ஆனா அது சொன்னா நான் வேற யாரையும் கேக்கறதில்ல. மீட்டரும் ஏதோ சொல்லுதில்ல, அதையும் கேக்கணும்" என்றாள். அப்புறம் எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் காது, அடுத்தது மீட்டர், பிறகு தாளில் எழுத்து. மீட்டர் என்ற அந்த மாமியாரைச் சேர்த்துக்கொண்டு விட்டாள். கடை எப்படி இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்துவிட்டாள். போனில் சத்தத்தைக் கேட்டுச் சொல்வது இலவசம். நேரில் வந்தால் சோதித்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைப்பது. இவ்வளவு படித்த எனக்கு இப்படி ஒரு யோசனை ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

மூன்றாவது தேர்வு, பார்த்துப் பார்த்து வைத்தது போல, பொதுக்குழு நடக்கிற அதே நாளில் வந்தது. எழுத்தில் ஏற்கெனவே தேறிவிட்டதால் செய்முறை மட்டும்தான் பாக்கி; தேறினால் தேர்ச்சித் தாள் அங்கேயே கிடைக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குத் தேர்வு. மாலை ஐந்து மணிக்குச் செயலாளர். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். பட்டறைக்குள் என்னை விடவில்லை. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதே தேர்வாளர். சட்டைப்பையில் நான்கு பேனா. அக்காவைப் பார்த்ததும், "இந்தத் தடவையாவது எழுதுவீங்களா?" என்றார்.

"எழுதறேன் சார்."

எழுதினாள். மெஷினை ஓடவிட்டாள், கேட்டாள், எழுதினாள். மீட்டரை வைத்தாள், பார்த்தாள், எழுதினாள். தண்ணீர் வெளியேற்றுகிற பம்ப்பின் வயர் ஒன்று கழன்றிருப்பதைக் கண்டுபிடித்தாள். அதுதான் தேர்வாளர் வைத்த பழுது. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது; இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் குதி குதித்தேன்.

ஆனால் அக்கா எழுந்திருக்கவில்லை. வயரை மாட்டிவிட்டு மெஷினை மறுபடி ஓடவிட்டாள். தலையைச் சாய்த்தாள். பெல்ட்டைக் கழற்றி டிரம்மைக் கையால் சுற்றினாள், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள், எழுதினாள். தாளைக் கொண்டு போய்க் கொடுத்தாள்.

தேர்வாளர் படித்தார். "ரெண்டு பழுதுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். பம்ப் வயர். அப்புறம் டிரம் பேரிங் போயிடுச்சு."

"நான் ஒண்ணுதான் வெச்சேன்."

"ஒண்ணு நீங்க வெச்சது சார். இன்னொண்ணு மெஷின் தானா வெச்சுக்கிட்டது."

அவருக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. "இங்க பாருங்கம்மா. இல்லாத பழுத எழுதினா மார்க் போயிடும். உங்களுக்கு ஏற்கெனவே இது கடைசி வாய்ப்பு. முதல் விடை சரி, படியெல்லாம் சரி. அந்த ரெண்டாவது வரிய அடிச்சுடுங்க. நான் பாஸ் போட்டுடறேன்." சொல்லிவிட்டுத் தன் நான்கு பேனாவில் ஒன்றை நீட்டினார்.

ஆறு மாதம், மூன்று பரீட்சை, பதினோரு தடவை பிரித்த மெஷின், ஐந்து மணிக்குப் பொதுக்குழு. எல்லாம் ஒரு கோட்டில் நிற்கிறது. ஜன்னல் வழியே அக்கா என்னைப் பார்த்தாள். 'அடிச்சுடு! அடிச்சுடு!' என்று நான் காற்றில் கையால் கோடு கிழித்தேன். பத்துத் தடவை கிழித்திருப்பேன். ஒரு வாத்தியார் பரீட்சை ஹால் வாசலில் நின்றுகொண்டு சைகை காட்டுகிறான். பிள்ளைகள் யாராவது பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அக்கா பேனாவை வாங்கவில்லை. "நான் ஆட்டிப் பார்த்துட்டுத்தான் சார் எழுதினேன். நீங்களும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்க" என்றாள்.

பின்னால் பதினான்கு பிள்ளைகள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பின்வாங்க முடியாமல் தேர்வாளர் எழுந்து போனார். டிரம்மைப் பிடித்து ஆட்டினார். அது அவர் கையோடு லொடலொட என்று ஆடியது. நம்ப முடியாமல் பலமாக இழுத்துச் சுற்றினார். 'கரக்' என்று ஒரு சத்தம். அதோடு டிரம் சிக்கிக்கொண்டது. அப்புறம் எந்தப் பக்கமும் அசையவில்லை. மெஷினின் முதுகில் துருப்பிடித்த தண்ணீர் ஒழுகிய கறை, அவர் இத்தனை நாளும் பார்க்காத இடத்தில், தெளிவாகத் தெரிந்தது.

அந்த நிலையத்தில் மூன்று மெஷின்கள் உண்டு. மற்ற இரண்டும் போன வருஷமே பழுதாகி மூலையில் நிற்கின்றன. பழுது பார்க்கச் சொல்லித் தருகிற இடத்தில் அவற்றைப் பழுது பார்க்க ஆள் இல்லை. இருந்த ஒன்றும் இப்போது நின்றுவிட்டது. பதினான்கு பேருக்குத் தேர்வு பாக்கி.

தேர்வாளர் நெற்றியைத் துடைத்தார். ஸ்டோர் ரூமில் புது பேரிங் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அதை மாட்டத் தெரிந்த கை எது என்பதும் நினைவு வந்தது. குரலை இறக்கிக்கொண்டு, "நீங்க... இத மாத்திக் கொடுக்க முடியுமாம்மா?" என்றார்.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எப்படி சார்? சர்ட்டிபிகேட் இல்லாதவங்க மெஷின்ல கை வைக்கக்கூடாதுன்னு புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே. நான் ரெண்டு தடவை பெயில் ஆனவ."

ஒரு பையன் 'களுக்' என்று சிரித்தான். அப்புறம் பதினான்கு பேரும் சிரித்தார்கள். தேர்வாளர் ஒரு கணம் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்தான், நான்தான் ஒரு மாதமாக அவனே இவனே என்று திட்டிக்கொண்டிருந்தேன். மேஜைக்குப் போய், நீட்டிய அதே பேனாவால் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தேர்ச்சித் தாளை அவள் கையில் கொடுத்தார்.

ஜன்னலுக்கு வெளியே நான் அழுதேன். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகவே அழுதேன்.

அக்கா தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் பதினான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் எதற்காகக் கழற்றுகிறாள் என்று சொல்லிக்கொண்டே செய்தாள். மூன்று மணி நேரத்தில் மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. ஒரு ஸ்க்ரூ கூட மிச்சமில்லை.

நாலே முக்காலுக்குக் குடியிருப்பு வாசலில் இறங்கினோம். செயலாளர் தாளை வாங்கிப் படித்தார், மறுபடி படித்தார். அவருக்குப் பின்னால் உடற்பயிற்சிக் கோஷ்டி ஏற்கெனவே விளையாட்டு உடையில் வந்து நின்றுகொண்டிருந்தது. அவர்கள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு அக்கா, "உங்க மெஷினுக்கெல்லாம் முதல் தடவை இலவசம்" என்றாள். வாட்டம் பாதி குறைந்தது. செயலாளர் அறைச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

திரும்பி நடக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அக்கா, நான் கை காட்டினத நீ பார்த்தே. அடிச்சிருந்தா அப்பவே பாஸ். அந்த ஆள் ஆட்டிப் பார்க்கமாட்டேன்னு சொல்லியிருந்தா எல்லாம் போயிருக்குமே. ஒரே ஒரு கோடு, அடிச்சிருக்கலாம் இல்ல?"

அக்கா நடந்துகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாள்ல அடிச்சுட்டா மெஷின்ல சத்தம் நின்னுடுமாடா?"

அவள் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.